திருவிழாவுக்கு ஊர் திரும்புவோர்: அலோர் காஜா தோட்டத் தமிழரின் ஆண்டுக் கூடல்

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா வட்டாரத்தில் பிறந்து வெளியூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர் திரும்பும் காலம் ஒன்று உண்டு. தீபாவளி அல்ல அது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. தோட்டத்துக்குத் தோட்டம் நாள் மாறும். ஆனாலும் சித்திரை, வைகாசி மாதங்களில் ஏதாவது ஒரு தோட்டத்தில் காப்புக் கட்டியிருப்பார்கள். தீபாவளியன்று அண்ணன் தன் வீட்டில் இருப்பார், தங்கை புகுந்த வீட்டில் இருப்பாள். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போய்த் தலைகாட்டி வருவதோடு சரி. ஒரே லயத்து வரிசை வீட்டில் பிறந்த ஐந்தாறு பேரும், அவரவர் பிள்ளைகளும், சித்தப்பா பெரியப்பா மக்களும் ஒரே இடத்தில் கூடி நிற்பது திருவிழாவில்தான். இந்த வழக்கம் வேரூன்ற ஏறக்குறைய நூறாண்டு ஆனது.

அலோர் காஜா என்ற மலாய்ப் பெயருக்கு யானைத்தடம் என்று பொருள் கொள்ளலாம். மலாக்கா நகருக்கு வடக்கே சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்தப் பட்டணம் பழைய நானிங் நாட்டைச் சேர்ந்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்ட ஆங்கிலேயரை நானிங் தலைவர் டோல் சாயிட் 1831இலும் 1832இலும் எதிர்த்துப் போரிட்டார். அவரை அடக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய படையில் மதராஸ் காலாட்படைச் சிப்பாய்கள் பெருமளவில் இருந்தார்கள். அந்தப் போரில் மாண்ட ஆங்கிலேயர் சிலரின் கல்லறைகள் அலோர் காஜாவில் இன்றும் உள்ளன. படையோடு வந்தவர்கள் படையோடு போனார்கள். குடும்பமாக வந்து தங்கிய தமிழரின் கதை அதற்கு அறுபது எழுபது ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வட்டாரத்தின் காட்டை அழித்துச் சீனர்கள் மரவள்ளி பயிரிட்டார்கள். மரவள்ளி சில ஆண்டுகளிலேயே மண்ணை உறிஞ்சிவிடும். அப்படிச் சத்திழந்த நிலங்கள் இருந்த மலாக்காவில்தான் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் போடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது. அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் ரப்பர் விலை ஏற ஏற, தெபோங், கெமுனிங், காடேக், சுங்கை பாரு என்று அலோர் காஜாவைச் சுற்றிலும் தோட்டங்கள் எழுந்தன. மலேசியத் தமிழர் பேச்சில் அந்த மரத்துக்குக் ‘கித்தா’ என்று பெயர். மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது.

கித்தா மரத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ஆளைக் கொண்டுவந்தவர் கங்காணி. தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரையே தோட்ட நிர்வாகியான துரை கையில் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவர் திருச்சி, சேலம், தஞ்சாவூர், ஆற்காடு மாவட்டங்களில் இருந்த தம் ஊருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் போய், தமக்கு வேண்டியவர்களைத் திரட்டி வருவார். ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி ஏற்பட்டு முதலாளிகளிடம் வசூலான பணத்தில் கப்பல் செலவு கொடுக்கப்பட்ட பிறகு, வந்திறங்குபவர் தலையில் பயணக் கடன் விழவில்லை. ஒப்பந்தக் கூலி முறையும் 1910இல் முடிவுக்கு வந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் காத்திருந்து கப்பலேறியவர்கள் பினாங்கிலோ போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். அங்கிருந்து ரயில். அலோர் காஜா பக்கம் வருபவர்களுக்குத் தம்பின் ரயில் நிலையம் அருகில் இருந்தது. பெயர் தம்பின் என்றாலும் நிலையம் நின்றது மலாக்கா எல்லைக்குள், பூலாவ் செபாங்கில்.

கங்காணி முறையைச் சுரண்டல் என்று சொல்வது சரிதான். ஆனால் குடும்ப வரலாறு எழுதுபவர் அதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த முறை சொந்தபந்தங்களை ஒட்டியே ஆள் சேர்த்தது. அண்ணன் வந்தால் பின்னாலேயே தம்பி, மாமன் வந்தால் மச்சான் என்று ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தோட்டத்தில் சேர்ந்தார்கள். அதே முறைதான் உடன்பிறந்தவர்களைப் பிரித்தும் வைத்தது. நிலத்தைப் பார்க்க ஒருவன் ஊரில் நிற்பான், கடனை அடைக்க ஒருவன் கப்பலேறுவான். மூன்று ஆண்டில் திரும்பிவிடுவதாகச் சொல்லிக் கிளம்பியவர்களில் பலர் முப்பது ஆண்டு இருந்தார்கள். தொடக்கத்தில் பெண்கள் மிகக் குறைவு. 1931 கணக்கெடுப்பில்கூட மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள் இல்லை. அத்தை, சித்தி, பாட்டி என்ற உறவுகள் பல லயங்களில் பேச்சில் மட்டுமே இருந்தன. பக்கத்து வீட்டுக்காரியை அக்கா என்றும் எதிர்வீட்டுக் கிழவரைத் தாத்தா என்றும் பிள்ளைகளைக் கூப்பிடப் பழக்கி அந்தக் குறையை நிரப்பிக்கொண்டார்கள்.

ஊர்த் தொடர்பு கடிதத்திலும் மணியார்டரிலும் கப்பலிலும் நின்றது. 1926இல் ஓடத் தொடங்கிய ‘ரஜுலா’ கப்பலின் பெயரைத் தெரியாத பழைய தோட்டக் குடும்பம் இல்லை. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930 முதல் 1932 வரை, வேலையிழந்த தொழிலாளர் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ரப்பர் விலை விழுந்தபோது தாயும் இளைய பிள்ளைகளும் ஊருக்குப் போக, தகப்பனும் மூத்தவனும் தோட்டத்தில் தங்கிய குடும்பங்கள் உண்டு. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. 1953இல் மலாயாவும் குடிநுழைவைக் கடுமையாக்கியது. அதன் பிறகு வருவோர் வரத்து வற்றி, இங்கே இருப்பவர்கள் இங்கேயே குடும்பம் என்றாகிவிட்டது. ரஜுலா 1973இல் ஓய்ந்தது. அதன்பின் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 தீவிபத்தோடு நின்றது. தமிழ்நாட்டில் விடப்பட்ட அண்ணன் தம்பிகளின் முகவரிகள் பல குடும்பங்களில் அந்தத் தலைமுறையோடு தொலைந்தன.

இடையில் வந்த ஜப்பானியர் காலத்தைத் தனியே சொல்ல வேண்டும். தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 1905இல் போடப்பட்ட கிளை ரயில்பாதை ஒன்று இருந்தது. ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதே பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அள்ளிப் போனார்கள், பெரும்பாலோர் தமிழர். காலராவிலும் பசியிலும் அவர்களில் எண்ணற்றோர் மடிந்தார்கள். இரும்பும் போயிற்று, ஆளும் போனான். அந்தக் கிளைப்பாதை பிறகு போடப்படவே இல்லை. ‘சயாமுக்குப் போனவர்’ என்ற ஒரு சொல் தோட்டக் குடும்பங்களில் திரும்பி வராத பெரியப்பாவையும் மாமாவையும் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது.

போருக்குப் பின், 1950களிலும் 60களிலும், லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள்தான் இன்று திருவிழாவுக்குத் திரும்புபவர்களில் மூத்தவர்கள். அந்த வீடு பெரிதல்ல. வரிசையாக ஒட்டிக் கட்டிய கட்டடத்தில் ஓர் அறை, முன்னால் ஒரு திண்ணை, பின்னால் அடுப்படி. அதில் எட்டுப் பேர் படுப்பார்கள். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, மணி அடிக்கும்; குளிர்ந்த காலையில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் அம்மாவும் அப்பாவும் இருட்டிலேயே காட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். மற்றவர்களை எழுப்பி, தலைசீவி, தேநீரில் ரொட்டியை நனைத்துக் கொடுத்துத் தோட்டப் பள்ளிக்கு அனுப்புவது மூத்த அக்காவின் வேலை. அக்காவுக்கே பத்து வயதுதான் இருக்கும். பல வீடுகளில் அவள் பள்ளியை அத்தோடு விட்டாள். பிறகு அம்மாவுக்குத் துணையாக பால் பிடிக்கும் மங்கு கழுவவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் போனாள். இன்றைக்கும் அந்தக் குடும்பங்களில் ஐம்பது வயதுத் தம்பி அக்காவின் எதிரில் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காரமாட்டான். இந்த மரியாதைக்குச் சடங்கு காரணமல்ல, அந்தக் காலை நேரங்கள்தான் காரணம்.

கோயிலும் லயத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. கீற்றுக் கொட்டகையில் கல்லோ சூலமோ நட்டுத் தொடங்கிய மாரியம்மன், பிறகு தகரக் கூரையும் செங்கல் சுவரும் பெற்றாள். தோட்டத்தின் எல்லையில் முனியாண்டி காவல் நின்றார். கோயிலுக்கான வரியைத் தோட்ட ஆபீசிலேயே மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். துரையிடம் நாள் கேட்டு விடுப்பு வாங்குவார்கள். ரப்பர் மரம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும். அப்போது பால் குறையும், சம்பளமும் குறையும். தளிர் முற்றிப் பால் மறுபடி ஏறும்போது கையில் காசு சேரும். சித்திரை, வைகாசித் திருவிழாவுக்கு அம்மனின் காலம் ஒரு காரணம் என்றால், மரத்தின் காலமும் ஒரு காரணம்.

பத்து நாள் திருவிழா என்றால் ஒவ்வொரு நாளும் ஒருவருடைய உபயம். தோட்ட எழுத்தர்களான கிராணிமார் உபயம், மேற்பிரிவார் உபயம், இன்ன குடும்பத்தார் உபயம் என்று பிரித்துக்கொள்வார்கள். கடைசி நாட்களில் பால்குடம், காவடி, கரகம், சில தோட்டங்களில் தீமிதி. அம்மன் ஊர்வலம் லயம் லயமாக வரும்; வாசலில் குடம் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் நீர் தெளித்து, தேங்காய் உடைத்து வரவேற்பார்கள். இரவில் நாடகமோ, திரை கட்டிப் படமோ. அம்மன் பூசை சைவம். அடுத்த நாள் முனியாண்டிக்குக் கிடாவும் சேவலும் வெட்டுவார்கள். கறியைப் பங்கு பிரித்து வீட்டுக்கு வீடு அனுப்புவார்கள். பக்கத்துத் தோட்டங்களில் கட்டிக்கொடுத்த பெண்கள் அன்றைக்குக் கட்டாயம் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும். மருமகனுக்கு வேட்டி, மகளுக்குப் புடவை. காடேக்கில் பிறந்து தெபோங்கில் வாழ்க்கைப்பட்டவளுக்கு ஆண்டில் இரண்டு திருவிழா. திருவிழாவில் பார்த்த பெண்ணை அடுத்த தை மாதத்தில் கட்டியவர்கள் அநேகம். வட்டாரம் முழுக்க மாமன் மச்சான் உறவு படர்ந்தது இப்படித்தான்.

மலாக்காவில் இந்த வழக்கத்துக்கு மூத்த இணை ஒன்று உண்டு. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் காஜா பெராங்கில் தனி ஊராக வாழ்கிறார்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது சைவ முறை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும், 1822இல் அமைந்த முத்து மாரியம்மன் கோயிலும் அவர்களுடையவை. ஏப்ரல், மே மாதங்களில் அம்மனுக்கு அவர்கள் எடுக்கும் திருவிழாவுக்கு ‘டத்தோ சாச்சார்’ என்று பெயர். சாச்சார் என்பது மலாயில் அம்மை நோய். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் செட்டிகள் அதற்கு ஊர் திரும்புகிறார்கள். ஆண்டின் நடுவில் பழக்காலம் வரும்போது, மறைந்த முன்னோருக்கு வாழையிலையில் பழங்கள் படைத்து உறவினர் கூடும் ‘பார்ச்சு’ சடங்கும் உண்டு. தோட்டத் தமிழர் செட்டிகளைப் பார்த்து இந்த வழக்கத்தைக் கற்கவில்லை. மாரியம்மனும் முன்னோர் படையலும் இரு சாராருக்கும் பொதுச் சொத்து. மொழியே மாறிப்போன பின்பும் உறவைக் கூட்டும் வலிமை அவற்றுக்கு இருப்பதைச் செட்டிகள் காட்டுகிறார்கள்.

தோட்டக் குடும்பங்கள் சிதறியது ஒரே நாளில் அல்ல. 1950களில் ஆங்கிலக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டுச் சிறு முதலாளிகளுக்கு விற்றார்கள். வேலையும் வீடும் ஒன்றாகவே போயின. அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி வீதம் நூறு வெள்ளிப் பங்கு சேர்த்துத் தொழிலாளர்களே தோட்டம் வாங்க வழி செய்தார். குடியுரிமை பெறாதவர்களுக்கு 1969இல் வேலை அனுமதிச் சட்டம் இடியாக இறங்கியது. பல்லாயிரம் பேர் இந்தியா திரும்பினார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களில் நீல அடையாள அட்டை வைத்திருந்தவர் தங்கினார், சிவப்பு அட்டைக்காரர் கப்பலேறினார். அப்பாவின் தலைமுறையில் நடந்த பிரிவு மறுபடி நடந்தது, இந்தமுறை எதிர்த்திசையில்.

பின்னர் கித்தா போய்ச் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். 1970களில் பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலைகள் திறந்தபோது அக்கா தங்கைகள் கம்பெனி பஸ் ஏறினார்கள். அண்ணன் தம்பிகள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1967 முதல் ஜொகூர் பாலத்தில் குடிநுழைவுச் சோதனை வந்துவிட்டதால், சிங்கப்பூரில் இருந்த தம்பி வருவதற்குப் பயணப் பத்திரம் வேண்டியிருந்தது. 1980களுக்குப் பிறகு தோட்ட வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வந்தார்கள். லயங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு வீடமைப்பு நிலங்களாயின. ஈடாக மலிவு விலை வீடு கிடைத்தவர்கள் உண்டு, எதுவும் கிடைக்காமல் பட்டணத்தின் ஓரத்தில் ஒதுங்கியவர்களும் உண்டு. நூறாண்டு உழைத்த மண்ணில் ஓர் அடிகூடச் சொந்தமில்லாமல் வெளியேறியது பெரிய அநீதி. அதை வேறு சொல்லால் மழுப்பக் கூடாது.

லயம் போன இடத்தில் கோயில் நின்றது. குடும்பத்தின் முகவரியாக மிஞ்சியது அதுதான். 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்ற பிறகு, கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டால் சிம்பாங் அம்பாட் சாவடியில் இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் தோட்டத்தை அடைந்துவிடலாம். நாளைக் குறிப்பதிலும் மாற்றம் வந்தது. முன்பு துரையின் அனுமதியும் மரத்தின் பாலும் நாளை முடிவு செய்தன. இப்போது கோயில் கமிட்டி பள்ளி விடுமுறையைப் பார்க்கிறது. மே தினம், விசாகம், மே இறுதியில் தொடங்கும் ஆண்டு நடு விடுமுறை, ஜூனில் மாமன்னர் பிறந்தநாள் என்று பொது விடுமுறைகள் அந்த வாரங்களில் அடுத்தடுத்து வருகின்றன. அத்தோடு டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான் பழுக்கத் தொடங்கும் காலம். ‘ஒற்றை டுரியான்’ என்று பொருள்படும் டுரியான் துங்கல் என்ற ஊரே இந்த வட்டாரத்தில் இருக்கிறது.

கூடும் நாளின் போக்கு குடும்பத்துக்குக் குடும்பம் பெரிதாக மாறுவதில்லை. வெள்ளிக்கிழமை இரவில் கார்கள் வந்து சேரும். இன்னும் பக்கத்திலேயே வாழும் ஒருவர் வீட்டில், பெரும்பாலும் மூத்த அக்கா வீட்டில், கூடத்தில் பாய் விரிப்பார்கள். “எப்ப வந்தே?” என்பது அக்கா கேட்கும் முதல் கேள்வி; “சாப்பிட்டியா?” என்பது இரண்டாவது. “இப்பதாங்க்கா, வழியெல்லாம் ஜாம்” என்பது தம்பியின் பதில். விடியற்காலையில் பால்குடம் எடுப்பவர்களுக்கு அண்ணி பூ கட்டிக் கொடுப்பார். உறுமி மேளம் தொடங்கியதும், நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். ஆயாக் கொட்டகை இருந்த இடம், பெரட்டுக் களம், பழைய கிணறு என்று கைகாட்டுவார்கள். பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவது செம்பனை வரிசை மட்டும்.

சாயங்காலத்தில்தான் உண்மையான பேச்சு தொடங்கும். அம்மாவை இனி யார் வைத்துப் பார்ப்பது, தம்பி மகளுக்கு வந்த வரன், அப்பா பெயரில் இருக்கும் கூட்டுறவுப் பங்கை யார் எழுதி வாங்குவது என்று தொலைபேசியில் ஆண்டு முழுக்கத் தள்ளிப்போட்டவை எல்லாம் அப்போது வெளியே வரும். குரல் உயர்வதும் உண்டு. மொய் எழுதாத பழைய கோபம், கல்யாணத்துக்குக் கூப்பிடாத வருத்தம் ஆகியவை அங்கேயே பேசித் தீர்க்கப்படுகின்றன, அல்லது அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுகின்றன. பேச்சே இல்லாமல் பிரிந்த அண்ணன் தம்பிகள்கூட அம்மன் தேரை இழுக்கும்போது ஒரே வடத்தைப் பிடித்தாக வேண்டும். வாட்ஸ்அப் குழுக்கள் வந்தபிறகு தினமும் பேசிக்கொள்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பத்து ஆண்டுப் பகையைத் தீர்த்துவைத்த பெருமை இன்னும் திருவிழாவுக்கே உரியது.

கெமுனிங், தெபோங், காடேக், சுங்கை பாரு தோட்டங்களின் பெயரில் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. திருவிழாவுக்கு வருபவர்களில் சிலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளி வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கோயில்களில் சில நிலம் கைமாறியதால் இடம் பெயர்ந்துள்ளன. சில பழைய இடத்திலேயே செம்பனைக்கு நடுவே நிற்கின்றன. கமிட்டியில் இருப்பவர்களில் பலர் இப்போது தோட்டத்தில் வேலை செய்பவர்கள் அல்லர், அங்கே பிறந்தவர்கள். உபயக் கட்டணத்தை அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாரும் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். பெயர் யாருடையது என்று கமிட்டிக்காரர் கேட்கும்போது, பல குடும்பங்களில், இறந்துபோன அப்பாவின் பெயரைத்தான் எழுதச் சொல்கிறார்கள்.